செருப்பைக் கழற்றிவிட்டுச் சனிக்கோளுக்கு

மூன்று வருடம் இயற்பியல் படித்தும் வகுப்பில் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று சிரிப்பார்களோ என்ற பயம். அப்படியே நின்றுபோன கேள்வி ஒன்று உண்டு. சனிக்கோளின் மேலேயே நிற்க முடிந்தால், அதன் வளையம் நம் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது, அதில் அறிவியல் தீவு ஒன்று உண்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு வழிகாட்டி ஒருவர் சுற்றிக் காட்டுகிறார் என்று கல்லூரித் தோழி சொன்னாள். முகம் தெரியாத இடம். அங்கேயாவது கேட்டுவிடலாம் என்று போன ஞாயிறு கிளம்பினேன்.

எங்கள் ஊர் செவிலிமேட்டிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோமதி அக்கா நடத்தும் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். இந்த உலகத்தைத் தாங்கக்கூடிய கம்ப்யூட்டர் அங்கே ஒன்றுதான். திரை வாசலைப் பார்த்து இருக்கும். உள்ளே வருகிற எல்லோருக்கும் தெரியும்.

அங்கே நமக்கு ஒரு பொம்மை உருவம் தருகிறார்கள். நடக்கலாம், பறக்கலாம். புடவை கிடைக்கவில்லை, ஜீன்ஸ், சட்டை, ஷூதான் இருந்தன. எரிமலைக்குள் இறங்கினேன். வீடு அளவு பெரிய உயிரணுவுக்குள் நுழைந்து வந்தேன். கடைசியாகக் கோளரங்கம். கோயில் கோபுர வாசல் மாதிரி பெரிய கதவு, உள்ளே இருட்டு, ஏழெட்டுப் பொம்மைகள் அமைதியாக நிற்கின்றன. யோசிக்கவே இல்லை, கை தானாக ஷூவைக் கழற்றப் போனது. அவசரத்தில் நான் அழுத்தியது 'எல்லாவற்றையும் கழற்று'.

ஷூ, சட்டை, ஜீன்ஸ் எல்லாம் போய்விட்டன.

மகளோடு ரிசல்ட் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "இன்னாமா கண்றாவி இது! படிக்கிற பொண்ணுன்னு பார்த்தா!"

என் துப்பட்டாவை உருவித் திரைமேல் போட்டேன். இப்போது பொம்மையும் தெரியவில்லை, பட்டனும் தெரியவில்லை. கோமதி அக்கா ஓடி வந்தார்.

"பொம்மைக்கு மானம் போச்சின்னு உன் துப்பட்டாவ அவுத்துக்கினு நிக்கிறியேமா! ஆஃப் பண்ணிடட்டா?"

ஆஃப் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அந்தப் பொம்மை என் பெயரோடு நிற்கிறது. கேள்வியும் கேட்கப்படாமலே போகும். "வேணாம்க்கா. ஷூவ மட்டும்தான் கழட்டப் போனேன்" என்றேன்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. கோயிலுக்குள்ள போறாப்பல செருப்பு கழட்டியிருக்குது பொண்ணு, அதுக்குப் போயி" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மறைவாக நின்றுகொண்டார் அக்கா.

துப்பட்டாவை எடுத்துப் பார்த்தால், கோளரங்கத்தில் எல்லாப் பொம்மைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. வழிகாட்டியும்தான். அந்த உலகத்தில் திரும்பி நின்றபடியே பின்னால் பார்க்க வழியுண்டு. தெரிந்தும் திரும்பியிருந்தார்கள். அதுதான் என்னை இன்னும் கூச வைத்தது. உடையைத் திரும்பப் போடும் பட்டனைத் தேடி அழுத்தினேன்; இணைப்பு மெதுவாக இருந்தது. முதலில் ஜீன்ஸ் வந்தது, ரொம்ப நேரம் கழித்துச் சட்டை. மன்னிக்கவும் என்று தட்டினேன். அதிலும் எழுத்துப்பிழை.

"ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் எழுதினார் வழிகாட்டி. எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்விதான். காது எரிய, என் சனிக்கோள் கேள்வியைத் தட்டிவிட்டேன்.

அவர் பதில் எழுதவில்லை. "வாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டு, மாதிரிச் சனிக்கோளின் நடுக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். வளையம் வானத்துக்குக் குறுக்கே ஒற்றை நூலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வடக்கே நகர்ந்ததும் அது அகன்று பெரிய வில்லாக வளைந்தது. "அட, பாருடி!" என்றார் பெரியவர் மகளிடம். எப்போது திரும்பினாரோ.

ஒரு வாரம் ஆகியும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்கு முகமில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

போகிறவர்களுக்கு: சுவரைப் பார்த்த திரையுள்ள கடையாகத் தேடுங்கள். இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பு இழுக்கும். ஷூ காலிலேயே இருக்கட்டும். கோளரங்கத்தில் வழக்கமாக வளையத்தை வெளியிலிருந்துதான் காட்டுகிறார்கள். கோளின் மேல் நின்று பார்க்க வேண்டுமென்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால்தான் கூட்டிப் போகிறார்கள்.