இறால்காரி கேட்கும் கேள்வி

தராசுத் தட்டில் இறாலை அள்ளிப் போடும்போதே இராசாத்தி கேட்டுவிடுவார்: "மாசக் குளிப்பு ஒழுங்கா வருதா புள்ள?" என் மனைவி தனுஷியா நெளிவாள். முற்றத்துக் கதிரையில் இருக்கும் நான் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொள்வேன். ஆரையம்பதியில் எத்தனை ஆண்பிள்ளைகள் இப்படிப் பேப்பருக்குள் ஒளிந்திருக்கிறோமோ தெரியாது. "ஐயா கேட்டா என்ன? அவரும் ஒருத்திர வயித்துல கிடந்தவர்தானே" என்று சொல்லி இறாலைச் சுற்றிக் கொடுப்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் வாவியின் அக்கரைக்குக் கேட்கும். பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெருத்தெருவாக வருவார். "பிரேக் பிடிக்கத் தெரியும், ஓடத்தான் தெரியாது" என்பார். தராசில் நிறுத்த பிறகு ஓர் இறாலைக் கூடப் போடுவார். கொஞ்சம் யோசித்து அதை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக ஒன்றைப் போடுவார்.

சுனாமி அவருடைய வீட்டையும் கணவரையும் கொண்டு போனது. முகாமில் அந்த மாதங்களில் பல பெண்களுக்கு எல்லாம் தாறுமாறாகிவிட்டதாம். சிலருக்கு மாதம் இரண்டு தரம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. மற்றவர்களுக்கு நாளடைவில் சரியானது. நாற்பத்தாறு வயது இராசாத்திக்கு மட்டும் நின்றது நின்றதுதான். பிறகு, நாலு வருடம் கழித்து, சண்டை முடிந்த வருடம், திடீரென்று திரும்ப வந்தது. "மனசு ஆறிற்று, உடம்பும் ஆறிற்று" என்று அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டார்கள். அவரும் நம்பினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் செய்வார்கள். துடக்கோடு, அந்தத் தீட்டோடு, ஆஸ்பத்திரிப் படி ஏறுவதா என்று வீட்டின் பின்பக்கம் ஒதுங்கி இருந்தார். நின்றதும் தலைமுழுகினார். "நிண்டிட்டுத்தானே, மறுகா என்னத்துக்கு டாக்குத்தர்?" மறுபடி ரத்தம் பட்டது, மறுபடி ஒதுங்கினார். மாதக்கணக்கில் இதே கதை. இறால் வாங்க வந்த, பிரசவம் பார்க்கும் மருத்துவமாது ஸஹீதா பேச்சுவாக்கில் இதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனார். "ஒரு வருஷம் முழுக்க நிண்ட பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டணும். இத துடக்கெண்டு நினைக்காதீங்க, வருத்தமெண்டு நினைங்க" என்று கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கர்ப்பப்பையின் உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். புற்று தொடங்கியிருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், ஆள் தப்பினார்.

அன்று தொடங்கியதுதான் இந்த விசாரணை. ஒரு கிழமை, ஏழு நாள் தாண்டியும் நிக்கல்லையா? மணிக்கொரு துணி நனையுதா? இடையில படுதா, தலை சுத்துதா? வயதுக்கு வந்த புதிதில் முன்னே பின்னே வருவது வழமைதான் என்று தாய்மாரை ஆறுதல்படுத்துவார். "எல்லாம் புத்துநோய் இல்லகா. எது எண்டு பாத்தாத்தானே தெரியும்." சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால், வீட்டுக்குள்ளே கூடக் குசுகுசுப்பாய்ப் பேசுகிற ஒரு விஷயத்தை நடுத்தெருவில் இறாலோடு சேர்த்துக் கூவுகிற துணிச்சலை நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இந்த வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நெல் குத்தும் பெண்களில் ஒருவராக அவரையும் சேர்த்திருந்தார்கள். "எத்தனை வருஷத்து ஆசை புள்ள!" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். விரதமென்று ஒரு கிழமையாக இறாலைத் தொடவில்லை. அன்று காலை ஈரத்தலையும் புதுச்சேலையுமாக எங்கள் படலை வாசலைக் கடந்தபோது தனுஷியா ஓடிப்போய் மறித்தாள். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி அக்காவுக்கு, மாதவிடாய் நின்று வருஷங்களான பிறகு, திரும்பவும் ரத்தம் போகிறது. நேற்றிலிருந்து எழும்பி நிற்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார்.

நாங்களும் இராசாத்தியின் பின்னால் போனோம். பின்பக்கக் கொட்டிலில் அன்னப்பூரணி அக்கா பாயில் சுருண்டு கிடந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இராசாத்தியைக் கண்டதும் பதறினார்.

"கிட்ட வராதகா! கோயிலுக்குப் போறவள் நீ. என்னத் தொட்டா உனக்கும் துடக்கு, உலக்கையில கை வைக்க விடமாட்டாங்க. நான் வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"நானும் இப்பிடித்தான் சொல்லிச் சொல்லி இருந்தன்" என்றார் இராசாத்தி.

கோயில் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்டது. அவர் அந்தத் திசையை ஒரு தரம் பார்த்தார். "ஐயா, ஒரு ஆட்டோ பிடிங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, புதுச்சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டிலுக்குள் குனிந்து அன்னப்பூரணியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தார்.