சாப்ட்டியா செல்வி?

கம்பெனியின் டெஸ்ட் சர்வர் மறுபடி எழுந்து நிற்கும்வரை மரிய செல்வி அக்கா மதியத் தட்டின் மூடியைத் திறக்க மாட்டார். கம்ப்யூட்டர் திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். நடுவே ஒன்று வரும்: "சாப்ட்டியா செல்வி?" "இந்தா சாப்புடப் போறேங்க" என்று திரைக்குப் பதில் சொல்லி, சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திறப்பார்.

அந்த வரியைத் தன் புரோகிராமுக்குள் விளையாட்டாகச் செருகியவர் அவர் கணவர் ஜோஸ். இருவரும் ஒரே டீம். போன ஈஸ்டருக்கு முன்னால் கீரனூர் ரோட்டில் லாரி மோதி, எங்கள் ஊர் ஆவூருக்குப் பெட்டியில்தான் வந்தார்.

நானும் அந்தக் கம்பெனிதான், வீடு அடுத்த தெரு. வீட்டிலிருந்தே வேலை; நெட் நன்றாகக் கிடைப்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிடுவேன். ஜாவா புரோகிராமில் கிளாஸ் என்கிற ஒரு துண்டு லோடு ஆகவில்லை என்றால் சென்னைக்காரர்களும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். "நீ பாட்டுக்குக் கோடிங்கைத் திருத்தாத. அந்தக் கிளாஸ் எங்கிட்டுருந்து வருதுன்னு மொதல்ல பாரு" என்பார், ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டே. சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் கிடந்தால், எங்கள் சர்வர் பொது ஃபோல்டரில் இருப்பதைத்தான் எடுக்கும். மற்றதை ஏறெடுத்தும் பார்க்காது.

போன வாரம், ஒரு ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் புது சர்வீஸ் டெஸ்ட் சர்வரிலேயே படுத்துவிட்டது. கிளாஸுக்குள் இருக்க வேண்டிய கட்டளைத் தொகுதி ஒன்றைக் காட்டி, 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்றது சர்வரின் லாக். கோப்பைத் திறந்தால் மெத்தட் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது! மறுநாள் காலை அந்த சர்வீஸ் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அக்கா நெட்வொர்க்கைக் குறை சொன்னார், மெமரியைக் கூட்டினார், ஊருக்கெல்லாம் சொல்லும் அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னக்கா, ஒங்க பாடத்தை நீங்களே மறந்துட்டீங்களா?" என்று நானே தேடினேன். பொது ஃபோல்டரில் ஜோஸ் அண்ணன் எழுதிய கிளாஸ்களைக் கட்டி வைத்த பழைய ஜார் கோப்பு உட்கார்ந்திருந்தது. டீம் எப்போதோ தூக்கிப் போட்டது அது. இத்தனை நாள் பழசே போதுமாக இருந்திருக்கிறது. புது சர்வீஸ் கேட்ட மெத்தட் அதில் இல்லை.

"நாந்தான் திரும்பக் கொண்டாந்து வச்சேன்" என்றார் அக்கா. "அது போயிட்டா அவுங்க கேக்க மாட்டாங்களே."

ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்றிருந்தது. "ஒரு காப்பி எடுத்து வச்சுக்கங்கக்கா."

"வச்சிருக்கேன். வச்சு என்ன செய்ய? ஓடுனாத்தானே கேக்கும்."

அழித்தது அக்காதான். என்னைத் தொடவிடவில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினார். வரிகள் ஓடின. கேள்வி வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து, அதுவும் மேலே போனது. சர்வீஸ் பிழையில்லாமல் எழுந்து நின்றது.

"இந்தா சாப்புடப் போறேங்க" என்றார் அக்கா. சிலுவை போட்டுக்கொண்டார். மூடியைத் திறக்காமலே தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.