வயர்மேன் மலர்விழி

கிள்ளானில் காப்பார் சாலையை ஒட்டிய கடைவரிசையில், டயர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே மலர்விழியின் பட்டறை இருக்கிறது. கார், லோரிகளின் மின்சாரக் கோளாறு பார்ப்பவரை இங்கே வயர்மேன் என்பார்கள். பெண்ணாக இருந்தால் என்ன சொல்வது என்று யாரும் யோசித்ததில்லை. அதனால் அவளும் வயர்மேன்தான்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பதினாறு வருடம் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் கார்களுக்கான வயர்க்கட்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். எந்த நிற வயர் எந்த முனைக்குப் போகும் என்று கைக்குத் தெரியும். அது காருக்குள் என்ன வேலை செய்யும் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் குடியிருந்த தாமான் குடியிருப்பு முழுவதும் மூழ்கியது. மலர்விழியும் கணவன் கமலநாதனும் பிள்ளைகள் இரண்டையும் அணைத்துக்கொண்டு அண்டை வீட்டு மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் வடிந்தபோது தெருவில் நின்ற ஒரு கார்கூடக் கிளம்பவில்லை. மெக்கானிக் எவரும் கிடைக்காத அந்த வாரத்தில், அவள் தங்கள் பழைய காரின் வயர்க்கட்டைப் பிரித்து, ஒவ்வொரு இணைப்பாகச் சேறு கழுவி, காயவைத்து, திரும்ப மாட்டினாள். கார் கிளம்பியது. மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் வந்தார், அப்புறம் தெருவே வந்தது. ஒரு வருடத்துக்குள் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள்.

வெள்ளம் ஒரு பயத்தையும் அவளிடம் விட்டுப்போயிருந்தது. பாலத்தின்மேல் போகும்போதுகூட ஆற்றுப் பக்கம் பார்க்க மாட்டாள்.

போன மார்ச் மாதம் நாகையா வந்தார். தூண்டில் போடுகிறவர்களைப் படகில் கடலுக்குக் கூட்டிப் போகிறவர். படகு இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் ஒன்றைப் புத்தம்புதிதாகக் கையில் பிடித்திருந்தார்.

"பேட்டரி மாத்தியாச்சு, இதையும் மாத்தியாச்சு. சாவியத் திருப்புனா டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினையே தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்றாங்க."

மலர்விழி அதை மேசையில் இறுக்கி, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தாள். விர்ரென்று சுற்றியது.

"இது நல்லாத்தாண்ணே இருக்கு. கோளாறு படகுல."

"அப்போ வந்து பாருங்க லா."

"தண்ணி மேல நான் வர மாட்டேன்."

"படகுத்துறை ஜெட்டியிலதான் கட்டிக் கிடக்கு. கீழ பாத்தா சேறுதான் தெரியும்."

அவர் சொன்னது பாதி உண்மை. நீர் இறங்கியிருந்தது, ஆனால் படகுக்கும் ஜெட்டிக்கும் இடையே ஒரே ஒரு பலகை. பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் கடந்தாள்.

பேட்டரி சரியாக இருந்தது. ஸ்டார்ட்டரைப் பொருத்தியதும், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் இரும்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னாள். மீட்டர் ஒன்பது வோல்ட் காட்டியது.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேபிள்தான் இருக்கு. இங்க ஒண்ணுமே காட்டக் கூடாது. கரண்ட் போற வழி அடைச்சிருக்குண்ணே."

தடித்த கறுப்புக் கேபிள் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. நுனியருகே கத்தியால் கீறினாள். உள்ளே செம்புக்குப் பதில் பச்சைத் தூள் உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் உள்ளேயே ஏறி அரித்திருந்தது. புதுக் கேபிள் போட்டதும் இன்ஜின் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

நான்காம் நாள் நாகையா போன் செய்தார். "மீன் பிடிக்க நிறுத்துனோம். திரும்பக் கிளம்பல. இந்தத் தடவ டிக்குகூட இல்ல. கூட்டாளிதான் தன் படகுல கட்டி இழுத்துட்டு வந்தான். ஜெட்டிக்கு வந்து திருப்புனா உடனே ஓடுது."

மலர்விழிக்கு முகம் சுட்டது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பையை மூடிக்கொண்டு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஜெட்டியில் இருபது தடவை திருப்பிப் பார்த்தார்கள். இருபது தடவையும் கிளம்பியது.

"இங்க நின்னா காட்டாதுண்ணே. கடல்ல ஓடி ஆடுனாத்தான் காட்டும்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. "லைஃப் ஜாக்கெட் இருக்கா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டார்கள். ஆற்றுமுகம் தாண்டும்வரை அவள் படகின் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பலகையைப் பற்றியிருந்தாள். இரண்டு முறை நிறுத்திக் கிளப்பினார்கள், கிளம்பியது. மூன்றாம் முறை சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. தூரத்தில் போன சரக்குக் கப்பலின் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது.

"நங்கூரம் போட்டாச்சு," என்றார் நாகையா. "வேணும்னா கூட்டாளிக்குப் போன் பண்றேன்."

"இருங்கண்ணே. எதையும் தொடாதீங்க. இப்பத்தான் காட்டுது."

மின்சாரம் வந்தால் எரியும் சோதனை விளக்கை எடுத்ததும் கண் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிறு அதன் இடத்தில் இருந்தது. பேட்டரியில் குறையில்லை. சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, சாவியின் பின்பக்கம் தொட்டாள். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டருக்குப் போகும் மெல்லிய வயரைத் தொட்டாள். எரியவில்லை. நடுவில் இருப்பது கியர் நெம்புகோலின் பெட்டி. நெம்புகோல் நியூட்ரலில் நின்றால் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச் அதற்குள் இருக்கிறது.

நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். நெம்புகோல் ஓயாமல் உரசியதில் சுவிட்சுக்குப் போகும் வயரின் தோல் தேய்ந்து, செம்பு இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அசையாதபோது ஒட்டும், ஆடினால் விலகும். தேய்ந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புது இணைப்புப் போட்டு, இனி உரசாதபடி ஓரமாக இழுத்துக் கட்டினாள்.

"திருப்புங்க."

இன்ஜின் கிளம்பியது. அவள் விடவில்லை. படகை ஓட்டி, நிறுத்தி, அலையில் ஆடவிட்டு, பதினைந்து முறை திருப்பச் சொன்னாள். பதினைந்தும் கிளம்பிய பிறகு, நாகையா பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போதுதான் அவள் தலை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர்.

"பயமா இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு. ஆனா வாந்தி வரல," என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது வாரத்தில் இரண்டு காலை அவள் ஜெட்டிக்குப் போகிறாள். மலாய், சீனப் படகுக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். சென்ற வாரம் ஒருவர் புதிதாகக் கட்டிய தன் படகைக் காட்டி, ஒரு வயர்கூட இழுக்காத அந்த வெறும் கூட்டுக்கு முதலிலிருந்து எல்லாம் அவளே செய்ய வேண்டும் என்றார். இத்தனை நாள் மற்றவர்கள் போட்டதைச் சரிசெய்தே பழகியவள், பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைக் கிழித்து, பேட்டரி எங்கே இருக்கலாம் என்று சமையல் மேசையில் வரைய ஆரம்பித்திருக்கிறாள்.