டீச்சர் போட்ட எலும்பு ஸ்வெட்டர்

சென்ற மாதத் தொடக்கத்தில், கேரள மலையூரான வண்டிப்பெரியாரில் இருக்கும் என் அக்கா வீட்டு சோபாவில் அலுப்போடு போய் விழுந்தேன். விழுந்த வேகத்தில் எழுந்தேன். குத்திய இடத்தை அச்சில் சொல்ல முடியாது. குத்தியது – பின்னல் ஊசி. அந்த ஊசியோடு சேர்ந்து வந்தது... ஒரு எலும்புக்கூடு!

"ஏட்டி, பாத்து! விலா எலும்ப நசுக்கிராத!" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அக்கா. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி, மலையேறி வந்த தங்கையின் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம்!

கறுப்புக் கம்பளியில் ஒரு ஸ்வெட்டர். வெள்ளைக் கம்பளியில் பட்டை பட்டையாகத் தனியே பின்னி, அதன்மேல் எலும்புகளாக வைத்துத் தைத்திருந்தாள். கழுத்தெலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்பு... எல்லாம் கச்சிதம். ஒரு கை மட்டும் பாக்கி. ஊசி அதில்தான் இருந்தது.

என் அக்கா ஸ்டெல்லா, அந்த ஊர்க் குளிரில் பிறந்த முக்கால்வாசிக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுத்தவள். வாத்து போட்ட ஸ்வெட்டர், முயல் காது வைத்த தொப்பி – அதுதான் அவள் எல்லை. இப்போது இதென்ன திடீர் சுடுகாட்டு மோகம்?

காரணம், அவள் மகள் ஜாஸ்மின். அயர்லாந்தில் நர்ஸ். இந்த வருடம்தான் போனாள். குழந்தைகள் வார்டில் வேலை. அங்கே அக்டோபர் கடைசி நாளில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. சின்னப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். நம் ஊரில் பேய் வந்தால் வேப்பிலை. அங்கே மிட்டாய். பூசணிக்காயில் கண், மூக்கு, பல் எல்லாம் வைத்து வாசலில் உட்கார வைப்பார்கள். நாமும் அதைத்தானே புது வீட்டுக்கு முன்னால் தொங்கவிடுகிறோம்? என்ன... அவர்கள் பூசணிக்குள் விளக்கு வைக்கிறார்கள். நாம் நடுரோட்டில் உடைத்து, பைக்கில் வருகிறவரை விழ வைக்கிறோம்.

அன்று வீடியோ காலில் ஜாஸ்மின் சொன்னாள்: "இங்க வார்டுல எல்லாரும் வேஷம் போடணும் சித்தி. நீ என்ன போடப்போறன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. எங்கம்மா கையாலயே பின்னி அனுப்புவாங்கன்னு வாய் விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் எல்லாரும் எங்கிட்ட வந்து பேசுதாங்க. அம்மா முடிச்சிட்டாங்களான்னு தெனமும் கேக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. அதுவரை மகளிடம் யாரும் வந்து பேசியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போனை வைத்ததும் ஊசியை எடுத்தவள், சோற்றுப் பானை பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் பின்னினாள்.

அந்த வியாழக்கிழமை அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். சபையின் பெண்கள் ஐக்கியத்தார் மொத்தமாக வந்தார்கள். தலைமை, செயலாளர் ரோஸ்லின் டீச்சர். ரிட்டயராகிவிட்டார். ஆனால் அதிகாரம் இன்னும் ரிட்டயராகவில்லை. அவர் வருகிறார் என்றால் நாற்காலிகள்கூட நேராக நிற்கும்.

அக்கா ஸ்வெட்டரைச் சுருட்டி ஒரு தலையணை உறைக்குள் திணித்து, படுக்கையறையில் போட்டுவிட்டாள். பத்திரம்தான். ஆனால் டீச்சர் அன்றைக்குப் பேச எடுத்த தலைப்பு என்ன தெரியுமா? ஹாலோவீன்! யூடியூபில் யாரோ ஒரு பிரசங்கியார் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு வேஷம் போட்டு ஆட விடுதாங்க. அது பிசாசுக்குப் போடுற படையல்! நம்ம வீட்டு வாசப்படிக்குள்ள அது வரலாமா? சொல்லுங்க!"

"வரக்கூடாது" என்றார்கள் எல்லோரும். அக்கா மட்டும் சற்றுத் தாமதமாக.

பேசிக் களைத்த டீச்சர் முதுகைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் சாய்ஞ்சா தேவல..." அவ்வளவுதான். இதுவரை யாரும் சொல்லாமல் எந்த வேலையும் செய்திராத என் அத்தான், அன்றைக்கென்று பார்த்து உள்ளே ஓடி, ஒரு தலையணையைக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டினார். எந்தத் தலையணை? அதேதான்!

உறையிலிருந்து கறுப்பாக ஒரு கை தொங்கியது. டீச்சர் பிடித்து இழுத்தார். கை வந்தது. தோள் வந்தது. பிறகு விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஸ்டெல்லா... என்ன இது?"

"அது... டீச்சர்... எலும்பு."

"எலும்புன்னு தெரியுது. யாரு எலும்பு?"

என் அக்கா ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, பொய் என்றால் நாக்குத் தடுமாறுகிற என் அக்கா, தெளிவாகச் சொன்னாள்:

"பள்ளத்தாக்குல காஞ்சு கெடந்த எலும்பெல்லாம் உசிரோட எழும்பி நின்னுச்சே டீச்சர்... அந்த எலும்பு. நம்ம ஆண்டுவிழாவுக்கு அத நாடகமா போடலாமேன்னு... உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

சண்டே ஸ்கூல் போன எல்லோருக்கும் தெரிந்த வேதாகமக் கதைதான். முதலில் கை தட்டியது பாஸ்டரம்மா. "நல்ல யோசனை! வருசா வருசம் பத்துக் கன்னிகைன்னு ஒரே விளக்கத் தூக்கிட்டு நிக்கோம். இந்தத் தடவ எலும்பாவே படுப்போம்!"

டீச்சர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் பிசாசு வெளியே போய், வேதாகமம் உள்ளே வந்துவிட்டது. அதே எலும்பு. அதே கம்பளி. அவர் அதை மார்போடு வைத்து அளவு பார்த்தார்.

"எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே! நான் சாம்பிளுக்கு வச்சுக்கிடுதேன். மத்தவங்க இதப் பாத்துப் பின்னட்டும். ஸ்டெல்லா, அந்தக் கை பாக்கியயும் நாளைக்கு வந்து முடிச்சுக் குடுத்துரு."

ஜாஸ்மினின் ஸ்வெட்டர், டீச்சரின் பைக்குள் ஏறிப் போய்விட்டது. எப்படித் தடுப்பது? உண்மையைச் சொன்னால் ஐக்கியத்தில் தலை தூக்க முடியாது. சொல்லாவிட்டால் வார்டில் மகள் தலை தூக்க முடியாது.

எல்லோரும் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள் அக்கா. "பொய் சொல்லிட்டேனேட்டி. அதுவும் ஜெபத்துக்கும் ஆமெனுக்கும் நடுவுல!"

"தலகாணிதானே கேட்டாங்க..." என்றார் அத்தான், வாசலில் நின்றபடி. அக்கா பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அக்கா வீடு எலும்புத் தொழிற்சாலை ஆனது. மதியம் ஆனால் போதும், ஐக்கியத்தார் கையில் வெள்ளைக் கம்பளி உருண்டையோடு வந்துவிடுவார்கள். வீட்டிலிருக்கும் கறுப்பு, நீல ஸ்வெட்டர்மேல் எலும்பு மட்டும் பின்னித் தைத்தால் போதும் என்று ஏற்பாடு. மழை ஓட்டின்மேல் கொட்டும். உள்ளே விலா எலும்பு வாதம். ஒருவருக்கு எத்தனை எலும்பு? எல்லோருக்கும் சமமாகத்தானே இருக்கும்? அதுதான் இல்லை. தனக்கு மற்றவர்களைவிட ஒரு ஜோடி கூடுதலாக இருக்க வேண்டும் என்றார் டீச்சர்.

"செயலாளர்ங்கிற ஒரு வித்தியாசம் தெரியணுமில்லா?"

தெரிய வேண்டியதுதான். பதவிக்குத் தக்க எலும்பு!

இதற்கு நடுவில், அவர்கள் போனபிறகு, அக்கா மகளுக்காக இரண்டாவது ஸ்வெட்டரைப் பின்னினாள். பார்சல் போய்ச் சேரவே நாளாகும். வேறு வழியில்லாமல் எலும்பு பின்னுகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பின்னல், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக ஒரு மஃப்ளர் போட்ட அளவில்தான் பழக்கம். பாலக்காட்டு வெயிலில் கம்பளியைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும். என் எலும்புகளில் ஒன்று வாழைக்காய் மாதிரி வந்தது. இன்னொன்று முருங்கைக்காய். அவசரத்தில் தைத்து முடித்துப் பார்த்தால், இடப்பக்கம் ஒரு எலும்பு குறைகிறது!

"போட்டும். ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவதானே, சமாளிச்சுக்கிடுவா" என்றாள் அக்கா. கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாமலா, அழுதா என்று நான் கேட்கவில்லை.

பார்சல் ஆபீசில் அந்தப் பையன் வழக்கம்போலக் கேட்டான்: "உள்ளில் எந்தா சேச்சி?"

இனிச் செத்தாலும் பொய் சொல்வதில்லை என்று அக்கா முடிவெடுத்திருந்தாள். "எலும்புக்கூடு" என்றாள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"கம்பளி! கம்பளியில பின்னினது!" என்று நான் பார்சலைப் பிரித்துக் காட்டி விளக்கிய பிறகுதான் மறுபடி எடுத்தான்.

ஆண்டுவிழா அக்டோபர் கடைசி ஞாயிறு. அதற்காகவே மறுபடியும் மலையேறினேன். தவற விடுவேனா? ஆலயத்தில் பீடத்துக்குக் கீழே பாய் விரித்து, ஐக்கியத்தார் எல்லோரும் எலும்புகளாகப் படுத்திருந்தார்கள். நடுவில், ஒரு ஜோடி கூடுதலாக, டீச்சர். பாஸ்டரம்மா மைக்கில் கதையை வாசித்தார். காற்று வீச வேண்டிய இடத்தில் ஒருவர் பெடஸ்டல் ஃபேனைப் போட்டார். எலும்புகள் மெல்ல எழுந்தன. எலும்போடு எலும்பு சேரும் சத்தத்துக்கு ரெக்கார்டிங் வைத்திருந்தார்கள். தேவைப்படவில்லை. முழங்கால்களே பார்த்துக்கொண்டன!

கிண்டல் இருக்கட்டும். அந்தக் கணத்தில் எனக்கும் ஒரு நொடி புல்லரித்தது. சபை எழுந்து நின்று கை தட்டியது. பாஸ்டர் டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் யோசனைதான் பாஸ்டர்" என்றார் டீச்சர். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்து எலும்புகள் அப்படியே வாசலுக்கு வந்தன. எதிர்க் கடையில் தேயிலை வாங்க ஒரு டூரிஸ்ட் வேன் நின்றிருந்தது. இளவட்டங்கள். பார்த்தார்கள்... அவ்வளவுதான், செல்போனும் கையுமாக ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள்.

"அடிபொளி! ஹேப்பி ஹாலோவீன், ஆன்ட்டீ!"

சாமியார் சபித்துக் கல்லானது போல நின்றார்கள் எல்லோரும். பாஸ்டரம்மாவின் வாய் பாதி திறந்திருந்தது. ரோஸ்லின் டீச்சர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். விலா எலும்புகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, என் அக்காவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யூடியூப், தலையணை, பள்ளத்தாக்கு... எல்லாமே. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

டீச்சர் நிமிர்ந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"சேம் டு யூ!"

சொன்னதோடு நிற்கவில்லை. நடுவில் நின்று செல்ஃபிக்குப் போஸும் கொடுத்தார். வேறென்ன செய்வார்? என் அக்காவைக் காட்டிக்கொடுத்தால், பிசாசின் சட்டையைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் எழுந்து நின்றது யார் என்ற கேள்வி வருமே?

மறுநாள் அக்காவால் தாங்க முடியவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"டீச்சர், நான் ஒங்ககிட்ட ஒரு உண்மைய சொல்லணும். அந்த ஸ்வெட்டர்..."

"டீ குடிக்கியா?"

"இல்ல டீச்சர், அது ஜாஸ்மினுக்காக..."

"இங்க பாரு ஸ்டெல்லா." டீச்சர் குரல் தணிந்தது. "நீ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. அந்த வேன்காரப் பிள்ளைகளுக்கு நம்ம நாடகம் மூலமா ஒரு செய்தி போயிருக்கு. அது ஊழியம். புரியுதா?"

எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. திரும்பி வரும்போது அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்ததும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். நடுரோட்டில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

ஹாலோவீன் அன்று ஜாஸ்மினின் போட்டோ வந்தது. படுக்கையில் மொட்டைத் தலையோடு ஒரு சின்னப் பெண், ஜாஸ்மினின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். கூடவே வாய்ஸ் மெசேஜ்: "ஒண்ணு குறையுதே, வலிக்குதான்னு கேட்டாம்மா. வலிக்குதுன்னேன். எனக்கு முத்தம் குடுத்துட்டா." அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

இப்போது நிலவரம் என்ன? ஐக்கியத்தில் ஹாலோவீன் பற்றிய பேச்சே இல்லை. டீச்சர் தற்போது பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி ஊதுவதை எதிர்த்துப் பேசி வருகிறார். பிசாசு என்பது எப்போதும் அடுத்தவர் வீட்டுத் தலையணைக்குள் இருப்பதுதான். நம் உடம்பில் ஏறிவிட்டால் அதற்குப் பெயர் ஊழியம், பண்பாடு, பாரம்பரியம்... ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். இதில் எந்த மதத்துக்காரரும் எங்களுக்கு இளைத்தவர் இல்லை!

சாம்பிளுக்கு வாங்கிப் போன ஸ்வெட்டரை டீச்சர் இன்னும் திருப்பித் தரவில்லை. பெரியாற்றுப் பக்கம் நல்ல குளிராம். காலையில் பால் வாங்க அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறாராம். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, திருப்பிப் போட்டுக்கொண்டு.

சரிதானே? எலும்பு உள்ளே இருக்க வேண்டிய சாமான்!