நான்கு சொல் தந்தி

1909-இல் ஆம்பூரில் வாஹித் பாஷாவின் தோல் கிடங்கில் சாமுவேலுக்கு வேலை, பதப்படுத்திய தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்து அடுக்குவது. மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வேலூர் கடைத்தெருவில், பழைய சாமான் விற்பவரிடம் அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கிவந்தார். ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையா, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் கண்ணயர, அவர் அதைப் படிப்பார்.

"தோல் பிரிக்கிறவனுக்கு இங்கிலீஷு இன்னாத்துக்குடா?" என்பார் குமாஸ்தா கோதண்டராமன்.

"சொல்லையும் பிரிச்சுப் பாக்கறேங்க."

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மதராஸ் துறைமுக ஏஜெண்டிடமிருந்து தந்தி வந்தது. நான்கே சொற்கள்: ஹோல்ட் வெட் செண்ட் மண்டே.

கோதண்டராமன் பொருள் சொன்னார். "ஈரமா இருக்கிற தோல் கட்டை நிறுத்திவச்சு திங்கக்கெழம அனுப்பணுமாம் சாயபு. காஞ்சது இன்னிக்கே போலாம்."

"நம்மகிட்ட எல்லாம் காஞ்சதுதானே? ஏத்தச் சொல்லுங்க" என்றார் வாஹித் பாஷா.

ரயிலடிக்குப் போகும் வண்டிகளில் தோல் கட்டுகள் ஏறத் தொடங்கின. குமாஸ்தா தந்தியை உரக்கப் படித்ததைக் கேட்டிருந்த வண்டிக்காரர் அந்த நான்கு சொற்களையும் அப்படியே ஒப்பிக்க, சாமுவேல் கையிலிருந்த தோலை அப்படியே வைத்துவிட்டு ஆபீஸ் வாசலுக்குப் போனார். அதுவரை அவர் அங்கே போனதில்லை.

"சாயபு, நாம ஈரத்தோல் அனுப்பறதே இல்லியே. அப்புறம் எதை நிறுத்தச் சொல்வாங்க? ஹோல்டுன்னா நிறுத்திவைக்கிறது, அது வினைச்சொல்லு. அதே எழுத்துல ஒரு பெயர்ச்சொல்லும் இருக்குது. கப்பல்ல சரக்கு அடுக்கற அடிவயிறு. ரெண்டுக்கும் சொந்தமே கெடையாது. ஹோல்னா பொந்து, அதுலருந்து வந்தது இது. கப்பலோட அடிவயிறு ஈரமாயிருக்குது, திங்கக்கெழம அனுப்புங்கன்றாங்க."

வாஹித் பாஷா எழுந்து வாசலுக்கு வந்தார். "வண்டிய நிறுத்து. மதராசுக்குத் திருப்பித் தந்தி அடிங்க."

சாயங்காலம் பதில் வந்தது. கப்பலின் அடித்தட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது. முந்தின நாள் ஏற்றிய வேறொருவரின் தோல்கள் எல்லாம் தண்ணீரில் ஊறிப் பாழாகிவிட்டன. அதை உரக்கப் படித்தவர் கோதண்டராமன்தான்.

"நான் தப்பாப் படிச்சிட்டேன் சாயபு. இவன்..." என்றவர் நிறுத்தி, "இவரு சரியாப் படிச்சாரு" என்றார்.

மறுவாரமே ஆங்கிலக் கடிதங்கள் எழுத சாமுவேலுக்கு ஆபீஸில் நாற்காலி போடப்பட்டது.

நான்கு வருடம் கழித்து, லண்டனிலிருந்து தோல் வாங்க ஒரு துரை வந்தார். இந்தக் கடிதங்களை எழுதுபவர் யார் என்று கேட்டார். சாமுவேலைக் காட்டினார்கள். துரை ஒரு சுருட்டை எடுத்து நீட்டி, "இதற்கு எங்கள் பாஷையில் 'செரூட்' என்று பெயர், தெரியுமா?" என்றார்.

"அது எங்கள் சொல்தான். சுருட்டுவதால் சுருட்டு. நீங்கள் வாங்கிக்கொண்டு போனீர்கள்" என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார் சாமுவேல். துரை சிரித்துவிட்டு, அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சவுரியம்மாள் நம்பவில்லை. "தொரைகிட்டயா அப்பிடிச் சொன்னீங்க?"

"ஆமா," என்றார் சாமுவேல். "ஒக்காந்துகிட்டேதான் சொன்னேன்."