மங்கிய பக்கம்

பழைய இசைத்தட்டுப் பைத்தியங்கள் அவரைக் ‘காதுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோ ரிப்பேர் கடையின் பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர்கள். ஊசியைத் தாங்கும் கட்டைவிரல் நுனியளவு கார்ட்ரிட்ஜைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கேட்டுவிட்டு இது நல்லது, இது குப்பை என்பார். அதோடு பேச்சு முடிந்தது. கம்பெனிப் பெயரில் மயங்கிவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொள்வார். எதை எப்போது மாட்டுவதென்பது மனைவியின் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மண்ணைக் கவ்வியதில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பல் டாக்டர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கார்ட்ரிட்ஜ்கள். ஒன்று அவர் வாங்கியது, மற்றது மாமனார் கொடுத்தது. எதை வைத்துக்கொள்வதென்று டாக்டர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். பல்லைப் பிடுங்கும்போது மனிதர் இவ்வளவு யோசிப்பாரா, தெரியாது.

இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரேபோல ஒலிக்கும், நடுவே மணியோசை வரும் பழைய தட்டு சுழன்றது.

“இடது பக்கம் மணிச் சத்தம் மங்கலா இருக்கு. இது தேறாது, அடுத்ததை மாட்டு.”

அடுத்ததிலும் அதே மங்கல்.

“துடைக்கிறேன்னு ஒயரைக் கியரை இழுத்துட்டியா?” என்று எரிந்து விழுந்தார்.

“நான் எதையும் தொடலைங்க.”

ஸ்பீக்கர்தான் கெட்டிருக்கும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கெட்டுப்போன ஸ்பீக்கர் இப்போது வலது காதுப் பக்கம். மணி கணீரென்று கேட்டது. இதுவரை நன்றாகப் பாடிய ஸ்பீக்கரில் மணியைக் காணோம்.

மங்கல் அவரோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

இடது காதை அழுத்தினார், விரலை விட்டுக் குடைந்தார், மறுபடி கேட்டார். மாற்றமில்லை. எத்தனை நாளாக இப்படி? போன வாரம் ஒருவருடையதைக் குப்பை என்று தூக்கிப் போடச் சொன்னாரே, அது நல்ல கார்ட்ரிட்ஜோ என்னவோ.

“எனக்கு இந்தக் காது...” என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“தெரியும்ங்க,” என்றாள் மனைவி. “கொஞ்ச நாளா வலது பக்கம் வந்துதானே பேசுறேன். சொன்னா பயந்துடுவீங்கன்னு சொல்லலை.”

“அதுவும் போயிட்டா?”

“எதிர்ல வந்து நின்னு பேசுறேன்.” சொல்லிக்கொண்டே பிளேயரை நிறுத்தினாள்.

அவள் வாசல் பக்கம் திரும்பிய பிறகுதான் பல் டாக்டர் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

“எது சார் நல்லா இருக்கு?”

“என்னால சொல்ல முடியலை டாக்டர்.”

டாக்டருக்கு முகமெல்லாம் பல். “உங்களாலேயே பிரிச்சுச் சொல்ல முடியலையா! அப்ப ரெண்டுமே ஒசத்திதான்!”

அப்படியே விட்டுவிடலாம். இந்த அறையும் நாற்காலியும் அவர் பெயரும் அப்படியே இருக்கும். காதுக்காரர் வலது பக்கம் கையை நீட்டி, மனைவியின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“இல்லை டாக்டர். கார்ட்ரிட்ஜ்ல ஒண்ணுமில்லை, எனக்குத்தான் காது போகுது.”