புகைபோக்கிக்குப் பூசிய சாந்து

ஆட்சி மாறிய புதிது. நன்னிலம் பக்கம் எங்கள் ஊரில் நெல் கூலியை உயர்த்தச் சொல்லி ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மிராசுதாரான என் அப்பாவின் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று சங்கத்தில் முடிவு. அந்தச் சமயத்தில்தான் தலைப்பிரசவத்துக்கு நான் பிறந்த வீடு வந்திருந்தேன். அடுப்படிப் புகைபோக்கியும் அந்த அடைமழையில்தான் காரை உதிர்ந்து, செங்கல் சரிந்து, உள்ளே அடைத்துக்கொண்டது.

புகை முழுக்க வீட்டுக்குள். அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அடுப்பை ஊதிவிட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பாள். அப்பா தானே ஏணி வைத்து ஏறிக் களிமண்ணை அப்பினார். அடுத்த மழையில் அது குழம்பில் வந்து விழுந்தது.

"கொத்தனாரைக் கூப்பிடுங்கப்பா" என்றேன்.

"கூப்பிட்டா நான் எறங்கிவந்த மாதிரி ஆயிடும்" என்றார்.

பெற்றவர் ஆயிற்றே என்று வாயை அடக்கிக்கொண்டேன். கால் அடங்கவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொத்தனார் வீட்டுக்கு நானே போனேன்.

"சங்கக் கட்டுப்பாடும்மா. வந்தா என்னை ஒதுக்கி வச்சிடுவாங்க" என்றார் அவர்.

அவர் மனைவி குறுக்கே வந்தாள். "பிள்ளத்தாச்சி கேட்டு இல்லேன்னு அனுப்பலாமா? சங்கத்துக்கு நான் சொல்லிக்கிறேன். போயிட்டு வாங்க."

அவளுக்குப் பின்னால் அடுப்பில் பூனை படுத்திருந்தது. பேச்சுக்குச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்; அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். பழைய காரையைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நிமிர்த்தி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசிக் கரணையால் இழைத்தார். எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. கூலியும் வேண்டாம் என்றுவிட்டார்.

"இது பிள்ளத்தாச்சி கேட்டதுக்குச் செஞ்சதும்மா. மிராசுக்குச் செய்யல."

அப்பா கூடத்தில் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சாந்து காய்ந்ததும் அம்மா அடுப்பு மூட்டினாள். புகை ஒழுங்காக மேலே போயிற்று. அவள் ஒரு முழு மூச்சு விட்டதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடு கொத்தனார் வீட்டு அடுப்பைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

அம்மா எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். நேராக அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"அவங்க வீட்ல உலை ஏறுற வரைக்கும் இங்கயும் ஏறாது. போய்க் கூலியைப் பேசி முடிச்சிட்டு வாங்க."

"மாசமா இருக்குற பொண்ணைப் பட்டினி போடப் போறியா?" என்று அப்பா கத்தினார்.

"அந்தத் தெருவுலயும் மாசமா இருக்குறவங்க இருக்காங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சங்கத்து ஆட்கள் கூடியிருந்த பக்கம் நடந்தார்.